திறக்காத கடையில் வாங்கும் உரிமை

எங்கள் ஊரில் மது வாங்க முடியாத ஆள் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவள் பெயர் மிரென். மது பரிமாற அரசாங்கம் உரிமம் கொடுத்திருந்ததும் அவள் ஒருத்திக்குத்தான்.

எங்கள் ஊரான ஜூனிபர் ஃபோர்க்கில் பெரிய தெரு என்று சொல்ல ஒன்றுதான் உண்டு. அதன் நடுவில் போட்டிருக்கும் மஞ்சள் கோடு இரண்டு மாவட்டங்களுக்கு எல்லை. கோட்டுக்கு மேற்கே மிரெனின் சமையல்கூடம். கிழக்கே, ஸ்பெயின், பிரான்ஸ் எல்லை மலைகளிலிருந்து அமெரிக்கா வந்த எங்கள் பாஸ்க் மக்களின் சங்கக் கூடம், அதை ஒட்டினாற்போல் அரசு மதுக்கடை. மிரென் தன் வாசலில் நின்று கூப்பிட்டால் கடையில் இருக்கும் லொரீன் எட்டிப் பார்ப்பாள்.

ஆனால் விதி வேறு. விருந்துக்குச் சமைத்துக் கொடுப்பவர் உரிமம் பெற்றவராக இருந்தால், அவருடைய சமையல்கூடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்துக்கு ஒதுக்கிய கடையில்தான் மது வாங்க வேண்டும். பரிமாறுவது மாநிலத்தில் எங்கே வேண்டுமானாலும் பரிமாறலாம். மிரெனுக்கு ஒதுக்கிய கடை மலைக்கு அந்தப் பக்கம், எல்க்ஹார்னில் இருந்தது. கணவாய் தாண்டிப் போய்வர ஒரு பகல் முழுக்க ஆகும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவள் தன் வேனை எடுத்துக்கொண்டு போய்வந்தாள். அதைப் பற்றி அவள் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. உரிமங்களின் எண்ணிக்கைக்கு மாநிலத்தில் வரம்பு உண்டு. ஒருவர் விட்டாலோ செத்தாலோதான் அடுத்தவருக்குக் கிடைக்கும். மிரென் கல்யாண வயதில் பெயர் கொடுத்து, காதோரம் நரைத்த பிறகு அதைக் கையில் வாங்கினாள். மது இல்லாத விருந்துக்கு இங்கே யாரும் சமையல்காரரைத் தேடி வருவதில்லை என்பதால் அதுதான் அவளுக்குச் சோறு.

நான் பெர்மின். டிராக்டர் பழுது பார்ப்பது தொழில். சங்கக் கூடத்தில் விருந்து நடந்தால் அக்கார்டியன் வாசிப்பேன்.

அந்த இலையுதிர் காலத்தில் கிராசிக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. வசந்தத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கிராசியும் அவர் கணவர் ஆர்னோவும் எங்கள் ஊரின் மூத்த தம்பதி. ஆர்னோ பிரான்ஸ் பக்கத்து மலையிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர். கிராசி இங்கே மேய்ப்பர்கள் தங்கும் விடுதியில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தவர். இருவருக்கும் ஒரு ஏப்ரல் காலையில் கல்யாணம் நடந்தது. மத்தியானம் விருந்து தொடங்குவதற்கு முன்னால் மலையில் பனிப்புயல் என்று செய்தி வந்தது. ஆடுகள் குட்டி போடும் காலம். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிப் போனார். திரும்பி வரும்போது ஜூன் ஆகிவிட்டது. விருந்தை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒவ்வொரு வருஷமும் அப்படியே சொன்னார்கள்.

மிரெனும் நானும் பார்க்கப் போயிருந்தபோது கிராசி கட்டிலில் தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அந்த விருந்து வேணும்டி" என்றார் மிரெனிடம். "கூடத்துல. மேசை விரிப்பெல்லாம் வெள்ளையா இருக்கணும். முதல்ல பிகோன். ஆளுக்கு ஒரு கிளாஸைப் பிடிச்சுக்கிட்டு நானும் இவனும் ஒரு ஆட்டம் ஆடணும். அப்புறம் நீ என்ன போட்டாலும் சரி."

பிகோன் என்பது ஆரஞ்சுத் தோலில் செய்த கருத்த கசப்பு மது. மாதுளைச் சாறும் சோடாவும் கலந்து, மேலே கொஞ்சம் பிராந்தியை மிதக்க விடுவார்கள். எங்கள் ஆட்கள் ஞானஸ்நானத்திலிருந்து அடக்கம் வரை எல்லாவற்றையும் அதில்தான் தொடங்குவார்கள்.

"பிகோன்தானே?" என்றார் ஆர்னோ. "நாளைக்கே வாங்கிட்டு வரேன். இங்கயே குடிக்கலாமே."

"கட்டில்ல உக்காந்து குடிச்சா அது மருந்து, கிழவா. மருந்து எனக்கு ஏகப்பட்டது இருக்கு."

ஆர்னோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மிரென் அன்றே மாநில மதுபான வாரியத்துக்கு எழுதிப்போட்டு, டிசம்பரில் ஒரு சனிக்கிழமைக்கு அனுமதி வாங்கினாள். அனுமதி வந்துவிட்டால் அந்த நாளில் அந்தக் கூடத்துக்குள் அவள் வாங்கிய புட்டியைத் தவிர வேறு புட்டி நுழையக் கூடாது. நுழைந்தால் கூடத்தை ஒரு வருஷத்துக்குப் பூட்டிவிடுவார்கள். எங்கள் கல்யாணமும் சாவும் அந்த ஒரு கூடத்தில்தான். அதனால் யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

விருந்துக்குப் பத்து நாள் முன்னால் எல்க்ஹார்ன் கடையின் கூரை பனிப் பாரம் தாங்காமல் விழுந்தது.

மிரெனின் வேன் பனியில் மக்கர் செய்ததால் என் வண்டியில் அவளைக் கூட்டிப்போனேன். கடை முன்னால் மேலாளர் டெல்மர் தன் டிரக்கில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் கண்ணாடியை இறக்கினார்.

"வா மிரென். கடை மூடியிருக்கு."

"தெரியுது. நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"கடைதான் மூடியிருக்கு. நான் வேலையிலதான் இருக்கேன். மாத்தல் உத்தரவு வர்ற வரைக்கும் இங்கதான் இருக்கணும்."

கடையின் முன்கண்ணாடி வழியே உள்ளே பார்த்தோம். கூரையின் நடுப்பகுதி மட்டும்தான் விழுந்திருந்தது. சுவரோரத்து அலமாரிகளில் புட்டிகள் வரிசை கலையாமல் நின்றன. மிரென் ஒரு மூலையைக் காட்டினாள். பிகோனுக்கான கசப்பு மது, நாலு புட்டி.

"ஒண்ணுகூட உடையல" என்றார் டெல்மர். சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"நீங்க போய் எடுத்துத் தரலாமே?"

"ஆபத்தான கட்டடம். நான் உள்ள போனா வேலை போயிடும்."

"அப்ப நான் போறேன்."

"வாடிக்கையாளர் கல்லாவுக்கு இந்தப் பக்கம்தான் நிக்கணும், மிரென். கல்லா எங்க இருக்குன்னே இப்ப சொல்ல முடியாது." தன் ஃபிளாஸ்க்கிலிருந்து எங்களுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். "கிராசிக்கா? எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். மிரென் சொன்னதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான்.

அங்கிருந்தே மிரென் வாரியத்துக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள்.

"மூடியிருந்தாலும் அதுதான் மேடம் உங்க கடை. அங்க வாங்கற உரிமையை நாங்க உங்ககிட்ட இருந்து எடுக்கவே இல்லையே."

"அங்க விக்க ஆள் இல்லம்மா."

"விற்பனை வேற பிரிவு மேடம்."

"வேற கடையை ஒதுக்க முடியாதா?"

"முடியும். அது வருஷக் கூட்டத்துல முடிவாகும். இந்த வருஷக் கூட்டம் போன மாசம் நல்லபடியா முடிஞ்சுது."

அனுமதியைத் திரும்பக் கொடுத்துவிட்டால் சங்கத்து ஆட்களே ஆளுக்கொரு புட்டி வாங்கி வரலாமே என்று மிரென் கேட்டாள். திரும்பக் கொடுக்க ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றாள் அந்தப் பெண். அதற்குள் விருந்து நாள் போய்விடுமே என்றதற்கு, போய்விட்டால் அனுமதி தானாகவே காலாவதியாகிவிடும், அதனால் மனு கொடுக்கும் சிரமமும் இருக்காது என்று ஆறுதல் சொன்னாள்.

ஊருக்குத் திரும்பியதும் மிரென் தெருவைக் கடந்து லொரீனின் கடைக்குள் போனாள். அத்தனை வருஷத்தில் அவள் அங்கே புட்டி கேட்டுப் போனது அதுதான் முதல் தடவை. இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். லொரீன் எதுவும் கேட்காமல் புட்டியை எடுத்து வைத்தாள். மிரெனின் அடையாள அட்டையை இயந்திரத்தில் காட்டினாள். திரை சிவப்பானது.

"வேற மாவட்டத்து உரிமதாரர்னு வருது" என்றாள் லொரீன். "எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல மிரென். காலையில அந்தக் குடிகார டுவைட் வந்தான். ஸ்கேன் பண்ணினேன், பச்சை. கால் தள்ளாடி நடந்து போனான். நீ மட்டும் லைசென்ஸ் இல்லாதவளா இருந்தா இந்நேரம் ரெண்டு பெட்டி உன் வண்டியில ஏத்தியிருப்பேன்."

மிரென் அந்தப் புட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

விசேஷ விலக்கு கேட்டு மனுப் போட்டால் வாரியம் நேரில் விசாரிக்கும் என்று யாரோ சொன்னார்கள். தலைநகரத்துக்கு மூன்று பேராகப் போனோம். தானும் வருவேன் என்று ஆர்னோ பிடிவாதம் பிடித்தார். கல்யாணத்துக்கு வாங்கிய அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அது இப்போது தோளில் தொங்கியது.

வாரியத்தின் கூடம் தேவாலயம் போல உயரமாக இருந்தது. ஐந்து உறுப்பினர்கள். நடுவில் தலைவர் ஹால்வர்சன். மென்மையான குரல், கனிவான கண்கள். மிரென் நடந்ததைச் சொன்னாள். தலைவர் கடைசி வரை கேட்டார். பிறகு கைகளைக் கோத்துக்கொண்டார்.

"இந்த மாநிலம் குடிக்கறவங்களை நம்புது, அம்மா. யார் வேணும்னாலும் எந்தக் கடையிலயும் வாங்கலாம். ஏன்னா அவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது. உங்களை எங்களுக்குத் தெரியும். உங்க பேரு, விலாசம், கைரேகை எல்லாம் எங்ககிட்ட இருக்கு. தெரிஞ்சவங்களைத்தானே கட்டுப்படுத்த முடியும்? நீங்க பொறுப்பானவங்க. அதனாலதான் உங்க மேல இவ்வளவு விதி."

"கூரை விழுந்துடுச்சு சார்" என்றாள் மிரென்.

"அதுக்கு ரொம்ப வருத்தப்படறோம். ஆனா விதி கூரை மாதிரி இல்லை. பாரம் ஏற ஏற அது உறுதியாகும்."

பக்கத்திலிருந்த உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர், நோயாளி அம்மாளுக்கு மதுவுக்குப் பதில் எலுமிச்சைச் சாறு பிடிக்குமா என்று அக்கறையோடு விசாரித்தார். மற்றொருவர், விருந்தை எல்க்ஹார்ன் கடை வாசலிலேயே நடத்த முடியுமா, அப்படி நடத்தினால் புட்டி பயணம் செய்ய வேண்டியதில்லையே என்று கேட்டார். அது குறித்துக்கொள்ளப்பட்டது.

பிறகு ஆர்னோ எழுந்தார். அவருக்கு ஆங்கிலம் இன்னமும் தடுமாறும்.

"ஐயா, நான் ஆட்டுக்காரன். அவளுக்கு அதிக நாள் இல்லை. கல்யாணத்தன்னைக்கு நான் பாதியில போயிட்டேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

தலைவரின் கண்கள் நிஜமாகவே கலங்கின. "நண்பர்களே" என்றார், "நாம எல்லாரும் எழுந்து அந்த அம்மாவுக்காக ஒரு நிமிஷம் மௌனம் காப்போம்." ஐந்து பேரும் எழுந்தார்கள். குறிப்பெடுப்பவர் எழுந்தார். காவலாளி தொப்பியைக் கழற்றினார்.

ஆர்னோ என் காதருகே குனிந்தார். "யாருக்கு?"

"கிராசிக்குன்னு நினைக்கிறேன்."

அவர் சுற்றிலும் குனிந்திருந்த தலைகளைப் பார்த்தார். "அவ வீட்ல இருக்கா ஐயா" என்று சத்தமாகவே சொன்னார். "இந்நேரம் பூண்டு சூப் குடிச்சிட்டு இருப்பா."

"மிக்க மகிழ்ச்சி" என்றார் தலைவர், தலையை நிமிர்த்தாமல். "அதையும் பதிவு பண்ணிக்கலாம்."

முடிவு இதுதான். மனு நியாயமானது. எனவே அது ஒரு துணைக்குழுவிடம் ஒப்படைக்கப்படுகிறது. பனி உருகியதும் குழு எல்க்ஹார்னுக்கு நேரில் சென்று கூரையைப் பார்வையிடும்.

வெளியே நடைபாதையில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். எல்லாவற்றின் முன்னாலும் கூட்டம். கடைசி ஜன்னல் மட்டும் காலியாக இருந்தது. மேலே 'உரிமம் ஒப்படைத்தல்' என்று எழுதியிருந்தது. மிரென் அதன் முன்னால் போய் நின்றாள். அவள் என்ன நினைக்கிறாள் என்பது எனக்கு முன்னால் ஆர்னோவுக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாம் மிரென். அது உன் சோறு."

"சோறு ஆக்கத்தான் எனக்குத் தெரியுமே."

"கிராசிக்குத் தெரிஞ்சா விருந்தே வேண்டாம்னுடுவா."

"அதனால நீங்க சொல்லப் போறதில்லை."

ஆர்னோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டாள். உரிமம் போனால் அதன் மேல் வாங்கிய அனுமதியும் அந்த நொடியே போய்விடும். சங்கக் கூடம் வெறும் கூடமாகிவிடும். யாரும் எதையும் கொண்டுவரலாம். இதை ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளைஞனிடம் மிரென் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"ஒப்படைக்க என்ன காரணம் மேடம்?"

"ஒரு புட்டி வாங்கணும்."

அவன் கொஞ்சம் யோசித்து, 'சொந்தக் காரணம்' என்று தட்டினான். ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. நான் வாங்கி வந்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அந்தக் கட்டடத்தில் அவ்வளவு சுறுசுறுப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் மிரென் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். ஒரு இடத்தில், "வெள்ளை விரிப்பு ரெண்டு குறையுது. உங்க வீட்ல இருக்கா பெர்மின்?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

மறுநாள் லொரீனின் திரை பச்சையானது. லொரீன் பில்லைக் கிழிக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு புட்டிகளைத் தாளில் சுற்றினாள்.

சனிக்கிழமை மத்தியானம் கூடம் நிறைந்திருந்தது. மேசைகளில் வெள்ளை விரிப்பு. ஆட்டுக்கறிக் குழம்பு, பீன்ஸ், சோரிசோ என்ற மிளகாய்த் தொத்திறைச்சி, இரும்புச் சட்டியில் சுட்ட ரொட்டி. ஊரே ஆளுக்கொரு புட்டியோடு வந்திருந்தது. மிரென் பரிமாறிய நாட்களில் யாருக்கும் மூன்றாவது கிளாஸ் சுலபத்தில் கிடைக்காது. தள்ளாடுபவனின் வண்டிச் சாவி அவள் ஏப்ரனுக்குள் போய்விடும். அன்று அவரவர் கிளாஸை அவரவரே நிரப்பிக்கொண்டார்கள்.

வாரியத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். வாசலில் நின்று உள்ளே நடப்பதைப் பார்த்தபோது அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

"இங்க மதுவுக்கு யார் பொறுப்பு?"

"யாரும் இல்லை" என்றேன்.

"உரிமம் உள்ளவங்க?"

"யாரும் இல்லை."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி" என்றார். மிரென் கொடுத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லிப் போனார்.

கிராசியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். நீல கவுனை இடுப்பில் ஊசி குத்திப் பிடித்திருந்தார்கள். மிரென் தன் கையாலேயே பிகோன் கலந்து நீட்டினாள். கிராசியால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. அந்த வாரம் அவருக்கு விழுங்குவதே சிரமமாகியிருந்தது. ஆர்னோ மண்டி போட்டு, கிளாஸை அவர் உதட்டில் வைத்துச் சாய்த்தார்.

"கசக்குது" என்றார் கிராசி.

"பிகோன்னா கசக்கும்."

"இல்ல கிழவா. நல்லா கசக்குது."

பிறகு ஆட வேண்டும் என்றார். ஆர்னோ அவரைத் தூக்கித் தன் பூட்ஸ் மேல் நிறுத்திக்கொண்டார். ஒரு கை அவர் முதுகில், இன்னொரு கையில் கிளாஸ். ஒரு வால்ட்ஸ் ஆட்டப் பாட்டை எவ்வளவு மெதுவாக வாசிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வாசித்தேன். அக்கார்டியன் துருத்தியின் மூச்சு தனியாகக் கேட்டது. இரண்டாவது சுற்றில் கிளாஸ் சாய்ந்து ஆர்னோவின் சட்டையெல்லாம் சிவப்பானது.

"வெளியில பனி விழுது" என்றார் கிராசி. "ஓடிடப் போறியா?"

"ஆடு எல்லாம் வித்தாச்சு."

கிராசி அவர் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டார். நான் நிறுத்தலாமா என்று மிரெனைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிராசி போய்விட்டார். அடக்கத்தன்று அதே கூடத்தில் மிரென்தான் சமைத்தாள். அன்றும் அவரவர் புட்டி, அவரவர் கை. வீடு திரும்பும்போது இரண்டு பேர் வண்டியைப் பள்ளத்தில் இறக்கினார்கள். ஒருவருக்கு இன்னமும் கால் நேராகவில்லை. வருஷ முடிவில் வாரியம் தன் அறிக்கையை வெளியிட்டது. ஜூனிபர் ஃபோர்க்கில் உரிமம் பெற்றவர்களின் விதிமீறல் ஒன்றுகூட இல்லை என்று அதில் பாராட்டியிருந்தது.

மிரெனின் உரிமம் பட்டியலில் அடுத்து இருந்த ஒரு பெரிய ஓட்டல் நிறுவனத்துக்குப் போனது. கல்யாணங்களும் அங்கே போயின. மிரென் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மே மாதம் ஒரு நாள் பள்ளி முடிந்த பிறகு ஆர்னோவும் நானும் அவளைப் பார்க்கப் போனோம். ஆர்னோ வாரம் ஒரு முறையாவது அங்கே போய் உட்கார்ந்திருப்பார். மிரென் மறுநாளைக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"ஹால்வர்சன் போன் பண்ணினார்" என்றாள். "தலைவரே பண்ணினார்."

"என்னவாம்?"

"குழு கூரையைப் பார்த்துடுச்சாம். என் மனு நியாயம்தானாம். இனிமே லொரீன் கடையிலேயே நான் வாங்கிக்கலாமாம். எனக்கு மட்டும்தான் இந்தச் சலுகையாம். அந்த அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டார். போயிட்டாங்கன்னேன். ரொம்ப வருத்தம்னார். அப்புறம், அதனால அனுமதி ரத்தாகாது, நீங்க கவலைப்படாதீங்கன்னார்."

"உன்கிட்ட உரிமமே இல்லைன்னு சொன்னியா?" என்றேன்.

"சொன்னேன். திரும்ப மனுப் போடச் சொன்னார். பட்டியல்ல கடைசியில என் பேரைச் சேர்த்துக்குவாங்களாம்."

ஆர்னோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அவ தொண்டையில ரெண்டு சொட்டுதான் இறங்குச்சு மிரென்" என்றார். "மிச்சமெல்லாம் என் சட்டைலதான் கொட்டிச்சு."

"பார்த்தேன்."

"ரெண்டு சொட்டுக்காக நீ..."

மிரென் கத்தியை நிறுத்தினாள். "ரெண்டு சொட்டு இறங்குச்சில்ல?"

"இறங்குச்சு" என்றார் ஆர்னோ.

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஆர்னோ தன் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து மேய்ப்பர் கத்தியை எடுத்து, அவளோடு சேர்ந்து சீவ ஆரம்பித்தார்.